நாய் செத்த படம்

ஆமா சார், அது நான்தான். தியேட்டர் வாசல்ல நின்னு, "த்தூ, இதெல்லாம் ஒரு படமா"ன்னு கேட்டவன் நான்தான். நீங்க பஸ் ஏறுனதுல இருந்து என் மொகத்தையே பாக்குறப்பவே நெனச்சேன், வீடியோ பாத்த ஆளுன்னு. போன வாரம் பல்லு புடுங்கப் போனேன். வாயத் தெறங்கன்னு சொன்ன டாக்டரு, தெறந்ததும் "அந்த வாயா இது?"ங்கிறாரு. அந்த வாய்தான் சார்.

பேரு அங்குராஜ். திண்டுக்கல்லுதான். பால் சொசைட்டியில முப்பத்தோரு வருஷம் டெஸ்டரா இருந்தேன். கேனத் தெறந்து ஒரு கரண்டி எடுத்தா போதும், தண்ணி எவ்வளவு, பவுடர் எவ்வளவுன்னு சொல்லிருவேன். கேன் பூராக் குடிச்சா பாக்க முடியும்? சொந்தச் சித்தப்பா பாலையே தண்ணிப் பாலுன்னு திருப்பி அனுப்பியிருக்கேன். அவரு சாகுற வரைக்கும் எங்கூடப் பேசல. பேசாட்டிப் போறாரு. எனக்குப் பொய் சொல்ல வராது சார்.

ரிட்டையர் ஆனதும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மொத ஷோ போக ஆரம்பிச்சேன். வாசல்ல இந்த யூடியூப் பயலுக மைக்க நீட்டிக்கிட்டு நிப்பாய்ங்கள்ல, "படம் எப்படி இருக்கு?"ன்னு. எல்லாரும் "மாஸு, தாறுமாறு, தலைவா"ன்னு கத்திட்டுப் போறாய்ங்க. நான் ஒருத்தன்தான் உள்ளதச் சொன்னேன். அதுல இருந்து பயலுக எனக்காகவே காத்துக் கெடக்காய்ங்க. டிக்கெட் கிழிக்கிறவன் எங்கிட்ட டிக்கெட்டே கேக்க மாட்டான். "அண்ணன் வந்துட்டாரு, வழி விடுங்கடா"ம்பான். ரெண்டாம் ஸ்கிரீன்ல ஓரத்து சீட்டு எனக்குன்னே கெடக்கும்.

போன வருஷம் மட்டும் நாப்பத்தொரு படம் பாத்திருக்கேன். நாப்பத்தொண்ணு! குமட்டிக்கிட்டு வருது சார். பொங்கலுக்கு ஒண்ணு வந்துச்சே, பெரிய ஹீரோ. எடுத்த எடுப்புலயே எம்பது பேர வெட்டுறாரு. நான் எண்ணுனேன். வெட்டி முடிச்சுட்டு வேட்டியில ஒரு சொட்டு ரத்தம் இல்லாம வந்து, அம்மா மடியில படுத்துக்கிட்டு "பசிக்குதும்மா"ங்கிறாரு. எனக்குத்தான் சோறு எறங்கல. மதியம் ரசம் ஊத்துனா செவப்பா இருக்கு, தட்டத் தள்ளி வச்சுட்டேன்.

சித்திரைக்கு வந்தது அஞ்சு பாஷைப் படமாம். ஒருத்தன் வாயும் வசனத்தோட ஒட்டல. இவன் வாய மூடுனப்புறம் சத்தம் வருது. அந்தப் பொண்ணு இருக்கே, கதாநாயகி, நாலு சீன் வருது. ஒண்ணுல ஐஸ் திங்குது, ஒண்ணுல மழையில ஆடுது, ஒண்ணுல அவன அறையுது, நாலாவதுல செத்துப்போகுது. படிச்ச புள்ளையாம் படத்துல. என்ன படிச்சுச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லல. கடைசியில "பாகம் ரெண்டு விரைவில்"னு போடுறாய்ங்க. மொத பாகத்துலயே ஒரு வெங்காயமும் இல்ல, இதுல ரெண்டு கேக்குதா?

ஆடியில பேய்ப் படம் மூணு. மூணு பேயும் மச்சுப்படியிலதான் எறங்கி வருது. இந்தச் சத்தம் இருக்கே சார், சத்தம்! பக்கத்துல ஒரு கைப்புள்ள, பாவம், ரெண்டரை மணி நேரமும் அழுதுச்சு. அத நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டவன், ஸ்பீக்கர நிறுத்தச் சொன்னானா? பழைய நல்ல பாட்டா எடுத்து, அது பின்னாடி ஓட ஓட, துப்பாக்கி வச்சு சுடுறாய்ங்க. எங்க அப்பா சாவு வீட்டுல நான் கேட்டு அழுத பாட்டு சார் அது. அதுக்குக் கொடலு தெறிக்குது, பயலுக விசிலடிக்கிறாய்ங்க. அருவருப்பா இருந்துச்சு. அன்னிக்கு மைக்குல அழுதே புட்டேன். அந்த வீடியோவும் நல்லா ஓடுச்சு.

நத்தம் தாண்டியாச்சா? சரி. நீங்க எது வரைக்கும்? காரைக்குடியா. நான் திருப்பத்தூர். நாளைக்கு எந் தங்கச்சி மகனுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். மாப்பிள்ளைக்கு உருமாக் கட்டி, மாலை போட்டு மணவறைக்கு அனுப்புறது நான்தான். நான் கைய வைக்காம அவன் தலையில வேற எவனும் துணியச் சுத்த முடியாது. பத்திரிகை பாருங்க, எம் பேரு எம்புட்டுப் பெருசுன்னு. மாப்பிள்ளை பேருக்கு அடுத்த பேரு அதான்.

பய பேரு பூவரசன். எம் மடியில வளந்தவன். எனக்குப் பொண்ணு இல்ல, இருந்திருந்தா அவனுக்குத்தான். லீவு விட்டா எங்க வீடுதான், காலையில சொசைட்டி, சாயங்காலம் சினிமா. படம் முடிஞ்சு வரும்போது சைக்கிள் பாருல உக்காந்துக்கிட்டு "எப்படி மாமா இருந்துச்சு?"ம்பான். நான் நல்லாருக்குன்னா அவனுக்கும் நல்லாருக்கும். நான் மட்டம்னா அவனுக்கும் மட்டம். அப்படி வளந்த பய, சினிமா எடுக்கணும்னு மெட்ராசுக்குப் போயி எட்டு வருஷம் கெடந்தான். யார் யாருக்கோ எடுபிடி பாத்து, கடைசியில ஒரு படம் கெடச்சிருச்சு. "மூணாவது மதகு"ன்னு பேரு.

ஐப்பசியில, தீபாவளிக்கு மொத வாரம் ரிலீசு. அந்த வாரம் பெரிய ஹீரோ படம் இல்ல பாருங்க, அதனால சின்னப் படம் அம்புட்டும் முண்டியடிச்சு ஒரே நாளு வருது, ஆறு படம். எங்க ஊரு தியேட்டரு மூணா தடுத்த தியேட்டரு. மூணு ஸ்கிரீன்லயும் மூணு சின்னப் படம். போஸ்டரப் பாத்தா மூணுலயும் ஒரு தாடிக்காரன் மொறைச்சுக்கிட்டு நிக்கிறான்.

பய மொத டிக்கெட்ட எனக்குத்தான் போட்டு போனுக்கு அனுப்பிச்சான். நானும் சட்டைய தேச்சுப் போட்டுக்கிட்டுப் போனேன். வாசல்லயே பயலுக மைக்க நீட்டிட்டாய்ங்க, "உங்க மருமகன் படமாமே, என்ன எதிர்பாக்குறீங்க?"ன்னு. சொந்தம் சொந்தம்தான், நியாயம் நியாயம்தான்னு ஒரு பத்து நிமிஷம் பேசுனேன். உள்ள போறதுக்குள்ள பேரு போட்டு முடிச்சுட்டாய்ங்க. நான் எப்பவுமே பேரு போடுறதப் பாக்குறதில்ல சார். கடைசிப் பத்து நிமிஷமும் பாக்குறதில்ல. முன்னாடியே எந்திரிச்சு வெளிய வந்துறணும், இல்லேன்னா மைக்க வேற எவனாவது புடிச்சிருவான். அது தொழில் தெரிஞ்ச ஆளுக்குத்தான் புரியும்.

படமா சார் அது? தாடி வச்ச பய குடிக்கிறான். அவன் கூட்டாளி குடிக்கிறான். பொண்ணு விட்டுட்டுப் போயிருச்சுன்னு குடிக்கிறான், திரும்பி வந்துருச்சுன்னு குடிக்கிறான். எடையில ஒரு நாய வளக்குறான். வில்லன் அந்த நாயக் கொல்லுறான். ஒடனே இவன் அருவாளத் தூக்குறான். நாய் சாகுறத அஞ்சு நிமிஷம் காட்டுறாய்ங்க சார், ரத்தத்தோட, நாக்கு தொங்க, வயலின் வாசிச்சுக்கிட்டு. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. எம் மடியில வளந்த பய, இந்தக் கருமத்த எடுக்கவா எட்டு வருஷம் பட்டினி கெடந்தான்?

வெளிய வந்தேன். மைக்கு. வெளுத்துட்டேன். நீங்கதான் பாத்திருக்கீங்களே. "இந்தப் படத்த எடுத்தவன் எந் தங்கச்சி மகன். நான் அவனுக்குத் தாய்மாமன். தாய்மாமன் சொல்றேன், எவனும் போகாதீங்க. நாயக் கொன்னு கண்ணீர் வாங்குறவன் நாளைக்கு ஆத்தாளக் கொல்லுவான். த்தூ!" அம்புட்டுத்தான். சாயங்காலத்துக்குள்ள லட்சக்கணக்குல ஆளுக பாத்துட்டாய்ங்க. "தாய்மாமனே காறித் துப்பிய படம்"னு தலைப்பு. ஞாயித்துக்கிழமை படத்தத் தூக்கிட்டாய்ங்க, எல்லா ஊர்லயும்.

எந் தங்கச்சி தனபாக்கியம் போனப் போட்டு மண்ண வாரித் தூத்துனா. "நீ நல்லாருப்பியா, ஒரு நல்ல வார்த்தை சொன்னா ஒன் வாயி வெந்தா போயிரும்"னா. நான் அசையல. தண்ணிப் பாலு தண்ணிப் பாலுதான்னு சொல்லிட்டு வச்சுட்டேன். பய மட்டும் ஒரு வார்த்தை பேசல. தயாரிப்பாளரு அவன கூட்டத்துல வச்சு ஏசியிருக்காரு, அதுக்கும் பேசல. பொட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்துட்டான்.

இந்த ஜன்னலக் கொஞ்சம் எறக்குங்க, தூசி. ஆங்.

அப்புறம் பாருங்க, எல்லாம் தலைகீழா மாறிருச்சு. திருப்பத்தூர்ல ஒரு சிமெண்டுக் கடைக்காரரு, வசதியான ஆளு, ஒரே பொண்ணு. அவரு வீடியோவப் பாத்திருக்காரு. "சொந்தமுன்னு பாக்காம உண்மையப் பேசுற மனுஷன் உள்ள வீட்டுல பொண்ணு கொடுக்கலாம். பையன் சினிமாவ விட்டுறணும், அம்புட்டுத்தான்"னு தானா வந்து கேட்டிருக்காரு. பயலும் சரின்னுட்டான். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்கு சினிமா வராது"ன்னு அவங்க ஆத்தாகிட்ட சொல்லியிருக்கான். இப்ப சிமெண்டுக் கடையில உக்காந்திருக்கான். தனபாக்கியம் எங் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா சார், "நீ சொன்ன நேரம் பய திருந்திட்டாண்ணே"ன்னு. பத்திரிகையில எம் பேரு அம்புட்டுப் பெருசா இருக்கே, ஏன்னு நெனச்சீங்க? நாளைக்கு மண்டபத்துல மைக்கு வச்சு, தாய்மாமன் ரெண்டு வார்த்தை பேசணும்னு ஏற்பாடு. நேர்மையப் பத்திப் பேசணுமாம்.

சிரிக்காதீங்க சார். இன்னும் இருக்கு. ஒங்ககிட்டத்தான் சொல்றேன். காரைக்குடி போற ஆளு, இனிமே எங்க பாக்கப் போறோம்.

போன மாசம் பத்திரிகை வைக்க வந்தாங்க. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம், வேட்டி துண்டு. எல்லாரும் ஆட்டோவுல ஏறிட்டாங்க. பய மட்டும் செருப்பு மாட்டுற மாதிரி வாசல்ல நின்னான். நின்னு, "மாமா, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். அந்த நாய் சாகுறதப் பத்திச் சொன்னீங்கள்ல"ன்னான். "ஆமா, அதுக்கென்ன?"ன்னேன். ரொம்ப மெதுவாச் சொன்னான் சார், யாருக்கும் கேட்டுறக் கூடாதுன்னு. "எம் படத்துல நாயே கெடையாது மாமா."

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதான்டா கொறை"ன்னேன். ஆமா சார். "ஒரு நாயாவது இருந்திருந்தா சனங்க ஒட்டியிருப்பாங்க, அதத்தான் நான் அப்படிச் சொன்னேன்"னேன். நாக்கு கூசாமச் சொன்னேன். பய என்னைய ஒரு பார்வை பாத்தான். கோவம் இல்ல, ஒண்ணும் இல்ல. "சரிங்க மாமா"ன்னு சொல்லிட்டு ஆட்டோவுல போயி ஏறிக்கிட்டான்.

அவங்க போனதும் போன எடுத்து அந்தப் பழைய டிக்கெட்டத் தேடிப் பாத்தேன். ஸ்கிரீன் மூணுன்னு போட்டிருந்துச்சு. நான் உக்காந்தது ரெண்டு. வழக்கமா உக்காருற எடமாச்சே, கால் தானாப் போயிருச்சு. டிக்கெட் கிழிக்கிற பயலும் கேக்கல. அண்ணன் வந்துட்டாரு, வழி விடுங்கடான்னுட்டான்!

வீடியோவுக்குக் கீழ ஆயிரத்துச் சொச்சம் பேரு எழுதியிருக்காய்ங்க, "ஐயா சரியாச் சொன்னாரு, அந்த நாய் சீன் கொடுமை"ன்னு. ஒருத்தன், ஒரே ஒருத்தன், "அந்தப் படத்துல ஏதுய்யா நாய்?"ன்னு கேக்கல. ஒரு பயலும் பாக்கல சார்! பாக்காமயே ஆயிரம் பேரு காறித் துப்புறாய்ங்க. என்ன சனங்க இது? சரி, அவிய்ங்கள விடுங்க. நான் என்ன பாத்துட்டா துப்புனேன்?

போன வாரம் பாத்தேன். போனுல ஏதோ ஒரு ஆப்புல கெடக்கு. வீட்டுல யாரும் இல்லாத நேரமாப் பாத்து, கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். உள்ளதச் சொல்றேன், நல்லாருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் உக்காந்தேன். மட்டமா இருந்துட்டா எனக்கு நிம்மதி. எப்படியோ சரியாத்தானே சொல்லியிருக்கோம்னு தூங்கிறலாம்ல?

ஒரு கம்மாய். அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரு, தண்ணித் தகராறுல பேச்சு வார்த்தை இல்ல. அண்ணன் மதகுலயே காவல் கெடக்கான். தங்கச்சி ஒரு நாள் சோத்தக் கொண்டாந்து கரையில வச்சுட்டு, திரும்பிப் பாக்காமப் போகுது. அவன் ரொம்ப நேரம் அந்தத் தூக்குச்சட்டியவே பாக்குறான். அப்புறம் திங்குறான். தின்னுட்டு அதக் கம்மாயில நல்லாத் தேச்சுக் கழுவி, தொடச்சு, வச்ச எடத்துலயே வைக்கிறான். அம்புட்டுத்தான் சார். வயலின் இல்ல, வசனம் இல்ல, எவனும் எவனையும் வெட்டல. தண்ணி அலம்புற சத்தம் மட்டும் கேக்குது. நடுவுல ஒரு சொசைட்டி சீன் வருது. தண்ணி அளக்குற பால்மானியப் பாலுல எப்படி விடணுமோ அப்படி விட்டு, ஆட்டம் நிக்கிற வரைக்கும் காத்திருந்து அளவு பாக்குறான். எந்த சினிமாவுலயும் அத ஒழுங்காக் காட்டுனவன் கெடையாது. பய பக்கத்துல நின்னு பாத்திருக்கான்.

நாப்பத்தொரு படம் பாத்தேன், ஒண்ணாவது மனுஷன் எடுத்த மாதிரி இருக்காதான்னு வருஷம் பூராத் தேடுனேன். அது எங்க வீட்டுலயே இருந்திருக்கு. அதத்தான் நான் தியேட்டர் வாசல்ல வச்சுக் கொன்னுருக்கேன். எம்மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு சார். ஒரு வாரமாக் கண்ணாடியில மொகத்தப் பாக்காமத்தான் சவரம் பண்றேன்.

இப்ப நாளைக்கு மைக்க நீட்டுவாங்க. உள்ளதச் சொன்னா சிமெண்டுக் கடைக்காரரு பொண்ணக் கூட்டிக்கிட்டு எந்திரிச்சாலும் எந்திரிச்சுருவாரு. தனபாக்கியம் உசிரோட இருக்க மாட்டா. சொல்லலேன்னா, பய காலத்துக்கும் தனக்கு சினிமா வராதுன்னு நெனச்சுக்கிட்டு சிமெண்டுத் தூசியில உக்காந்திருப்பான். நீங்கதான் சொல்லுங்களேன், நான் என்ன செய்ய?

இருங்க, போனு. அவன்தான். இருங்க.

சொல்றா. ஆங், சிங்கம்புணரி தாண்டியாச்சு, இன்னும் கொஞ்ச நேரம்தான். வேணாம் வேணாம், ஆள் அனுப்பாத, நானே வந்துருவேன். உருமாத் துணி எடுத்தாச்சு, பட்டுதான். ம். டேய், இரு, வைக்காத. ஒண்ணு சொல்லணும். போன வாரம் ஒம் படத்தப் பாத்தேன்டா. இல்ல, அது இல்ல. அது வேற படம். அன்னிக்கு நான் ஸ்கிரீன் மாறி உக்காந்துட்டேன். ம், தெரியும்ங்கிற. எப்ப? அன்னிக்கேவா? அன்னிக்கே தெரிஞ்சும் ஏன்டா வாயத் தெறக்கல? என்னது? சத்தமாச் சொல்லு, பஸ் எரைச்சல்ல கேக்கல.

சார், கேட்டீங்களா என்ன சொல்றான்னு? சொன்னா ஊரே ஒங்களப் பாத்துச் சிரிக்கும் மாமான்னுதான் வாயத் தெறக்காம இருந்தானாம்.

இருக்கேன்டா, லைன்லதான் இருக்கேன். என்ன கேட்ட? எப்படி இருந்துச்சா? நல்லாருக்குடா. நெசமாத்தான். ஒந் தலை மேல சத்தியமா நல்லாருக்கு. அந்தச் சட்டி கழுவுற எடம் இருக்கே, அது... டேய். பூவரசு. கேக்குதா? சரி, அழுகாத. கல்யாண மாப்பிள்ளை, கண்ணு வீங்கிறப் போகுது. வையி. வையி, வந்துர்றேன்.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. அந்த மஞ்சப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார், மெதுவா, துணி கசங்கிறப் போகுது.

நான் முடிவு பண்ணிட்டேன். காலையில ஏழரைக்கு முகூர்த்தம். உருமாக் கட்டுவேன், மாலை போடுவேன், வாய மூடிக்கிட்டு ஓரமா நிப்பேன். மூணு முடிச்சும் விழட்டும். விழுந்த கையோட மைக்கப் புடுங்கிருவேன். எம் மருமகன் படத்த நான் பாக்கவே இல்ல, பக்கத்து ஸ்கிரீன்ல வேற எவன் படத்தையோ பாத்துட்டு வந்து வாய்க்கு வந்ததப் பேசிப்புட்டேன், இவன் படம் நல்ல படம், இவன சினிமா எடுக்க விடுங்கன்னு சொல்லிருவேன். தனபாக்கியம் செருப்பக் கழட்டுவா. சிமெண்டுக் கடைக்காரரு நாற்காலியத் தூக்குவாரு. தூக்கட்டும். கல்யாண வீடியோக்காரன் இருப்பான், எடுக்கட்டும், ஊரு பூராச் சிரிக்கட்டும். பயமாத்தான் இருக்கு சார், இல்லேங்கல. ஆனா நாளைக்கு நான் படத்தப் பாத்துட்டுப் பேசப் போறேன்.